அந்தச் சிலையின் கையில் என்ன புத்தகம்?
கிளீவ்லாந்து வட்டாரத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, பெற்றோர்களே,

வணக்கம். ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டிக்கான தலைப்புகள் வந்து சேர்ந்தன. "நான் போற்றும் தலைவர்" பகுதியில் காந்தி, காமராசர், கலாம், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் என்று பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட எடுக்கச் சொல்ல மாட்டேன். பதின்மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். டாம் ஜான்சன். 1901 முதல் 1909 வரை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நாம் வாழும் இந்தக் கிளீவ்லாந்தின் மேயராக இருந்தவர்.

இந்தப் பெயரை எனக்குக் காட்டியது என் மகள். இரண்டு வருடங்களுக்கு முன்பு இங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை இசை விழாவுக்குப் போயிருந்தோம். மத்தியானக் கச்சேரிக்கும் சாயங்காலக் கச்சேரிக்கும் நடுவே நேரம் இருந்தது. யூக்ளிட் அவென்யூவில் மெதுவாக நடந்து, நகர நடுவில் உள்ள பப்ளிக் ஸ்கொயர் சதுக்கம் வரை போனோம். அங்கே ஒரு பெரிய வெண்கலச் சிலை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பருமனான மனிதர், கையில் ஒரு புத்தகம். "யாருப்பா இந்தத் தாத்தா? என்ன புத்தகம் வைத்திருக்கிறார்?" என்று கேட்டாள். பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் அவருடைய சின்ன வயதுக் கதை. அப்பா கென்டக்கிக்காரர், பண்ணையார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் அதிகாரி. போர் முடிந்த 1865இல் குடும்பத்தின் கையில் ஒன்றும் இல்லை. அப்போது அவர்கள் இருந்தது வர்ஜீனியாவில் ஸ்டான்டன் என்ற ஊர். அந்த ஊருக்கு நாளைக்கு ஒரே ஒரு ரயில்தான் வந்து போகும். பதினோரு வயதுப் பையன் டாம், அந்த ரயிலின் கண்டக்டரோடு சிநேகம் பிடித்தான். அவனைப் பிடித்துப்போன கண்டக்டர் ஒரு ஏற்பாடு செய்தார்: டாம் தவிர வேறு யாரும் இந்த ரயிலில் செய்தித்தாள் கொண்டு வரக் கூடாது. அவ்வளவுதான். ஊரில் செய்தித்தாள் வேண்டும் என்றால் டாமிடம்தான் வாங்க வேண்டும், அவன் சொல்வதுதான் விலை. ஒரு பேப்பர் 15 சென்ட். ஐந்தே வாரத்தில் 88 டாலர் வெள்ளிக் காசாகச் சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்தில்தான் குடும்பம் லூயிவில் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்புறம் கண்டக்டர் மாறினார், வியாபாரமும் அன்றோடு போனது.

வாழ்நாளின் கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடி தன் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது, ஏகபோகம் என்றால் என்ன என்று தனக்குப் புரிந்தது அந்த ஐந்து வாரத்தில்தான் என்று ஜான்சன் சொல்லியிருக்கிறார். உழைப்பைவிட, திறமையைவிட, வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் பணம் கொட்டும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டார். அந்தப் பாடத்தை வைத்துப் பெரும் பணக்காரர் ஆனார். பிற்பாடு அதே பாடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்து, அந்த ஏகபோகத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அவர் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தத் திருப்பம்தான்.

பணக்காரர் ஆன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிவிலில் டூபான்ட் குடும்பத்தாரின் டிராம் கம்பெனியில் பதினைந்து வயதில் அலுவலக வேலை. அந்தக் காலத்தில் டிராம்களைக் குதிரைகள் இழுத்தன. பயணிகள் போடும் காசு கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கட்டணப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அதிலேயே இருபதாயிரம் டாலருக்கு மேல் வந்தது. 1876இல் இண்டியானாபொலிசின் டிராம் கம்பெனியை வாங்கினார். பிறகு கிளீவ்லாந்து, டெட்ராய்ட், புருக்ளின். தண்டவாளம் செய்ய ஜான்ஸ்டவுனிலும், நம் பக்கத்து லொரேனிலும் எஃகு ஆலைகள். கோடீசுவரர்கள் வரிசையாக மாளிகை கட்டியிருந்த யூக்ளிட் அவென்யூவில் அவருக்கும் ஒரு மாளிகை இருந்தது. நாம் கச்சேரிக்குப் போகிற அதே தெருதான்.

இங்கே டிராம் தொழிலில் அவருக்குப் போட்டியாளர் மார்க் ஹான்னா. 1896இல் மெக்கின்லியை ஜனாதிபதி ஆக்கியதில் பெரும் பங்கு வகித்த அதே ஹான்னா. இரண்டு பேருக்கும் இடையில் இருபது வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ஜான்சன் ரயிலில் போகும்போது, ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதாரச் சிந்தனையாளர் எழுதிய ஒரு புத்தகத்தை வாங்கச் சொல்லி ஒருவர் கையில் கொடுக்கிறார். படித்ததும் மனது கலங்கிப்போகிறது. அதே ஆசிரியரின் பெரிய நூலான 'முன்னேற்றமும் வறுமையும்' கையில் கிடைக்கிறது. ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அந்த மதிப்பை உண்டாக்கியது ஊர் மக்கள் எல்லோரும். ஆனால் லாபம் நிலத்துக்காரர் கைக்கு மட்டும் போகிறது, அதனால்தான் செல்வம் பெருகும் இடத்திலேயே வறுமையும் பெருகுகிறது என்பது ஜார்ஜின் வாதம். நிலமதிப்புக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்பது அவர் சொன்ன மருந்து. ஜான்சன் அந்த நூலைத் தன் வக்கீலிடம் கொடுத்து, இதில் எங்கே தவறு என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். வக்கீலால் முடியவில்லை. 1885இல் புருக்ளினுக்குப் போய் ஜார்ஜை நேரில் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சீடராகவும் நண்பராகவும் இருந்தார்.

சிலையின் கையில் இருக்கும் புத்தகம் அதுதான்.

ஜார்ஜ் சொன்னதை நான் முழுதாக ஏற்றுக்கொண்டவன் இல்லை. ஒரே ஒரு வரியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப எனக்கு முடியவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் வருமானத்துக்கே எதிராக வாக்களித்த மனிதரை நான் வேறு எங்கும் படித்ததில்லை. 1891 முதல் 1895 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, எஃகுத் தண்டவாள இறக்குமதி மேல் இருந்த பாதுகாப்பு வரியை எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். தண்டவாளம் செய்து விற்றவரும் அவரேதான்!

1901 ஏப்ரலில் மேயர் ஆனார். தேர்தல் பிரசாரத்துக்கு சர்க்கஸ் கூடாரம் ஒன்றை வாங்கி, ஊர் ஊராக, தெருத் தெருவாக நகர்த்திக்கொண்டு போனார். கூடாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், எதிர்த்துக் கத்தலாம். கத்துகிறவரை மேடைக்கு முன்னால் அழைத்துப் பதில் சொல்வாராம். நம் பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இவரைப் பற்றிச் சொல்லலாம்.

பதவிக்கு வந்ததும் பூங்காக்களில் "புல்லின் மேல் நடக்காதே" என்றிருந்த பலகைகளை எடுக்கச் சொன்னார். விளையாட்டுத் திடல்கள், பொதுக் குளியல் கூடங்கள், பால் இறைச்சிப் பரிசோதனை, குப்பை அள்ளுவதை நகராட்சியே ஏற்பது எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1903இல் கட்டடக் கலைஞர் டேனியல் பர்னமின் குழு போட்ட திட்டத்தில்தான் இன்று நாம் பார்க்கும் மால் பசுந்திடலும் அதைச் சுற்றிய பொதுக் கட்டடங்களும் உருவாயின. தண்ணீர் இலாகாவில் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தினார். சோலனிலோ ஸ்ட்ராங்ஸ்வில்லிலோ நம் வீட்டுக் குழாயில் வருவது கிளீவ்லாந்து நகராட்சித் தண்ணீர்தான். அந்த இலாகாவை ஒழுங்குபடுத்த அவர் கொண்டுவந்தது எட்வர்ட் பெமிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரை.

வரி விஷயத்தில் அவர் செய்ததை நாம் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மதிப்பை ஏற்றியிருக்கிறோம் என்று கவுன்டியிலிருந்து கடிதம் வந்த வருடம் நம் வாட்ஸப் குழுவில் எவ்வளவு புலம்பினோம்! நூற்றுச் சொச்சம் வருடம் முன்னால் இதே ஊரில் சின்ன வீட்டுக்காரருக்கு மதிப்பீடு அதிகம், ரயில் கம்பெனிக்கும் நகர நடுவில் நிலம் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்கும் குறைவு. ஜான்சன் அதைப் பெரிய வரைபடங்களாகத் தீட்டி மாட்டவைத்தார். உங்கள் மனை இவ்வளவு, பக்கத்து மனை இவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 'வரிப் பள்ளி' என்று பெயர். நடத்தியது பீட்டர் விட், வார்ப்படப் பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர். கொஞ்ச நாளில் வழக்குப் போட்டு அதை நிறுத்திவிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கு உறுத்துமோ அவர்களுக்கு உறுத்தியது.

அபராதம் கட்டப் பணம் இல்லாததால் சிறையில் கிடந்த ஏழைகள் நிறைய. ஹாரிஸ் கூலி என்ற பாதிரியார் ஜான்சனின் நண்பர். அவரிடம் சிறைகளையும் ஏழையர் இல்லங்களையும் ஒப்படைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஊருக்கு வெளியே வாரன்ஸ்வில்லில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் வாங்கி, கைதிகளும் முதியோரும் காசநோயாளிகளும் வெளிச்சத்திலும் காற்றிலும் இருக்கட்டும் என்று பண்ணை அமைத்தார்கள். இன்றைக்கு ஹைலண்ட் ஹில்ஸ் இருக்கும் இடம் அது. நம்மில் பலர் தினமும் காரில் கடந்து போகிறோம்.

இப்போது மூன்று சென்ட் டிராம் கட்டணத்தின் கதை. இதைத்தான் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்று டிராம் கட்டணம் 5 சென்ட். தெரு மக்களுடையது, அதில் தண்டவாளம் போட உரிமம் கொடுப்பது நகராட்சி, அந்த உரிமத்தால்தான் கம்பெனிக்கு லாபம். அப்படியானால் 3 சென்ட்டில் ஓட்டலாம், கடைசியில் நகராட்சியே ஓட்ட வேண்டும் என்றார் ஜான்சன். அவர் பேச்சை யாராலும் சுலபமாகத் தள்ள முடியவில்லை. காரணம், இருபத்தைந்து வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர். உரிமம் எப்படி வாங்கப்படுகிறது, பங்கு மதிப்பு எப்படி ஊதிப் பெருக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. நகராட்சியிடமிருந்து சலுகை பெறும் கம்பெனிகளே நகராட்சியைக் கெடுக்கின்றன, நானும் அப்படிச் சலுகை பெற்றவன்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மூன்று சென்ட் பாதைகளுக்கு எதிராக ஐம்பதுக்கும் மேற்பட்ட நீதிமன்றத் தடையாணைகள் வந்தன. ஒரு தெருவில் பாதை போட அந்தத் தெருவில் சொத்துள்ளவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். சம்மதம் கொடுத்தவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கும். இவர் பக்கத்துத் தெருவுக்குப் போவார். அங்கேயும் வழக்கு. 1902இல் மாநில உச்ச நீதிமன்றம் நகராட்சி அமைப்பையே செல்லாது என்று சொல்லி, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதானது. 1906இல்தான் முதல் மூன்று சென்ட் டிராம் ஓடியது. பதவிக்கு வந்து ஐந்து வருடம் கழித்து!

1908 ஏப்ரலில் ஊரின் டிராம் முழுவதும் நகராட்சி சார்பிலான கம்பெனியின் கைக்கு வந்தது. ஜெயித்தார் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்த மாதமே வேலைநிறுத்தம். பழைய கம்பெனி தருவதாகச் சொல்லியிருந்த சம்பள உயர்வைத் தொழிலாளர்கள் கேட்டார்கள், இவர் தரப்பு மறுத்தது. வன்முறை வெடித்தது, வேலைநிறுத்தம் தோற்றது. கோபத்தில் இருந்த தொழிலாளர்கள் பொது வாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்துத் திரட்டினார்கள். அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஜான்சனின் திட்டம் விழுந்தது. டிராம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் போனது.

இந்த இடத்தில் அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. உழைக்கிறவர்களுக்காகவே பேசியவர், தன் டிராமை ஓட்டியவர்களை உட்காரவைத்துப் பேசி ஒரு வழி கண்டிருக்க வேண்டும். மூன்று சென்ட்டை நிரூபித்துக் காட்டும் அவசரத்தில் பாதைகளை மாற்றினார், செலவைக் குறைத்தார், பயணிகள் சலித்துக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைவர் என்றாலே குறையில்லாதவர் என்று மனப்பாடம் செய்யவைத்தால், பதினைந்து வயதில் அவர்களே ஒரு குறையைக் கண்டுபிடித்து எல்லாரையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

1909 நவம்பர் தேர்தலில் தோற்றார். 1910 தொடக்கத்தில், அவர் பதவியைவிட்டு இறங்கிய சில வாரங்களில், நீதிபதி ராபர்ட் டெய்லரின் சமரச ஏற்பாட்டின்படி கிளீவ்லாந்தில் டிராம் கட்டணம் 3 சென்ட் ஆனது. முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீதம், அதற்கு மேல் இல்லை. அவர் ஒன்பது வருடம் கேட்டது, அவர் கையில் இல்லாதபோது கிடைத்தது.

அதற்குள் சொத்தெல்லாம் கரைந்துவிட்டது. இறந்துபோன தம்பியின் தொழில் விவகாரங்களைத் தலையில் போட்டுக்கொண்டதில் நிறையப் போயிற்று. யூக்ளிட் மாளிகையைவிட்டுச் சின்ன இடத்துக்கு மாறினார். 1911 ஏப்ரல் 10 அன்று, 56 வயதில் இறந்தார். உடலை புருக்ளின் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஹென்றி ஜார்ஜின் கல்லறைக்கு அருகில் புதைத்தார்கள். சில வருடங்களில் மக்கள் கொடுத்த பணத்தில் சிலை எழுந்தது. 1993இல் வரலாற்றாய்வாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், அமெரிக்காவின் சிறந்த மேயர்கள் வரிசையில் நியூயார்க்கின் லாகார்டியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் இவருக்கு.

ஒரு வாய்மொழிக் கேள்வி எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. "நூறு வருடம் முன்னால் செத்துப்போன மேயருக்கும் நம் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்கிறேன்.

மின்சாரமும் ஊருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஜான்சன் விடாமல் கேட்டார். சவுத் புருக்ளின் என்ற சிற்றூரை நகரத்தோடு சேர்த்தபோது அதன் சின்ன மின் நிலையமும் சேர்ந்து வந்தது. 1914இல் அவருடைய சீடர் நியூட்டன் பேக்கர் மேயராக இருக்கும்போது பெரிய நிலையம் திறந்தார்கள். முனிசிபல் என்பதைச் சுருக்கி, மக்கள் அதை 'முனி லைட்' என்றார்கள். 1978இல் அதைத் தனியாருக்கு விற்கச் சொல்லி நெருக்கினார்கள். மேயர் டென்னிஸ் குசினிச் மறுத்தார். அந்த டிசம்பர் 15 அன்று சுமார் 1.4 கோடி டாலர் கடனை வங்கிகள் நீட்டிக்க மறுக்க, கிளீவ்லாந்து கடன் கட்டத் தவறிய நகரம் ஆனது. 1979 பிப்ரவரியில் மக்களிடம் கேட்டார்கள். விற்க வேண்டாம் என்று மக்கள் வாக்களித்தார்கள். இன்றைக்கும் அது நகரத்தின் சொத்தாகவே இருக்கிறது.

அதே 1978இல்தான் இங்கே தியாகராஜ ஆராதனையும் தொடங்கியது. ஊர் திவாலாகிக்கொண்டிருந்த வருடத்தில் நம் பெரியவர்கள் பாட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரின் கதையும் நம் கதையும் அன்றிலிருந்து ஒரே தெருவில் நடக்கின்றன. நாம்தான் பக்கத்தில் நடப்பவரைத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம். நகராட்சித் தேர்தலிலும் பள்ளி வாரியத் தேர்தலிலும் நம்மில் எத்தனை பேர் வாக்களிக்கிறோம்? ஜனாதிபதி தேர்தல் என்றால் விடிய விடிய டிவி பார்க்கிறோம். என் மகள் கேட்ட வருடம்தான் நான் முதல்முறையாக என் ஊரின் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கழிவுநீர்க் குழாய் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். நன்றாக இருந்தது, உண்மையாகவே.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பேச்சுப் போட்டிப் பட்டியலில் டாம் ஜான்சன் பெயரைச் சேருங்கள். தமிழில் அவரைப் பற்றிப் பாடம் இல்லையே என்று ஆசிரியர்கள் தயங்க வேண்டாம், மூன்று பக்கம் எளிய தமிழில் நான் எழுதித் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தித்தாள் பையன் கதை போதும். கண்டக்டர் செய்தது சரியா, மற்றப் பையன்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே பேசும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்: ஊரின் பஸ்ஸும் மின்சாரமும் இருக்க வேண்டியது ஊரிடமா, கம்பெனியிடமா? இரண்டு பக்கமும் பேச நிறைய இருக்கிறது. ஜான்சனின் கூடாரத்தில் நடந்தது போலப் பார்வையாளர்களும் எழுந்து கேள்வி கேட்கட்டும்.

அவர் மறைந்த ஏப்ரல் 10 அநேகமாக இசை விழாவை ஒட்டியே வரும். அந்த வாரத்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மகளும் சிலையடியில் இருப்போம். யூக்ளிட் அவென்யூவில் ஹெல்த்லைன் பஸ் பிடித்து பப்ளிக் ஸ்கொயரில் இறங்கினால் போதும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கையில் என்ன புத்தகம் என்பதை மட்டும் வழியிலேயே சொல்லிவிடாதீர்கள். அவர்களே கேட்கட்டும்.

அன்புடன்,
ஏழாம் நிலை மாணவி ஒருத்தியின் அப்பா